தோளில் ஏறிய துணி

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையேறும் ஆண்களைப் பார்த்தால் நம் முன்னோரின் உடை கண்முன் வந்துவிடும். இடுப்பில் மஞ்சள் வேட்டி, தோளில் புஷ்பக் காவடி, திறந்த மார்பில் திருநீறு. ஊசி படாத துணிதான் பல நூற்றாண்டுகள் நம் ஆண்களுக்குப் போதுமானதாக இருந்தது. வயலில் கோவணமும் முண்டாசும், வீட்டில் வேட்டி, வெளியே கிளம்பினால் மேலுக்கு ஒரு துண்டு.

தைத்த சட்டையைத் தமிழர் அறியாமல் இல்லை. பாசறையில் காவல் நின்ற யவனர் சட்டை அணிந்திருந்ததை முல்லைப்பாட்டு சொல்கிறது. பின்னாளில் விஜயநகர அரசவையில் நீண்ட அங்கியும் கூம்புக் குல்லாயும் பெரிய மனிதர்களின் அடையாளமாயின. ஆனால் திருத்தணிக்குப் பக்கத்திலேயே, திருமலையில், தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் சிலையைப் பாருங்கள். தலையில் குல்லாய் இருக்கிறது. உடம்பில் அங்கி இல்லை. அரசவைக்கு வேண்டியிருந்த அங்கி ஆண்டவன் சந்நிதியில் வேண்டியிருக்கவில்லை.

ராயர் விரும்பித் திறந்த மார்பு அது. ஏழை உழவனுக்கு அந்த விருப்பம் இருந்ததில்லை. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும், இல்லையேல் கக்கத்துக்குள் ஒடுங்க வேண்டும். ஒரு முழத் துணியைத் தோளில் போட்டுக்கொள்ளவே மனிதர்கள் போராட வேண்டியிருந்தது. சாமி முன் மார்பைத் திறப்பது பக்தி. சக மனிதன் முன் திறக்கவைப்பது கொடுமை.

1888இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட நீளக் கோட்டு. 1962இல் குடியரசுத் தலைவரான பிறகும் அந்த உடையை அவர் மாற்றவில்லை. காந்தியோ 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். அணிந்தவரும் துறந்தவரும் தாமே முடிவு செய்தார்கள்.

அப்படி முடிவு செய்யும் வசதியைச் சாமானியனுக்கும் தந்ததில் பனியனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1920களில் திருப்பூரில் வேர்பிடித்த பின்னலாடைத் தொழில் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து குழாய்போல இறங்கும் துணி. விலாவில் தையல் உறுத்தாது, வியர்வையை உறிஞ்சும், விலையும் கைக்கெட்டும். முண்டா பனியன், கை வைத்த பனியன், பை வைத்த பனியன் என்று அவரவர் தேவைக்கு ஒன்று. என் தாத்தா பை வைத்ததைத்தான் கேட்டு வாங்குவார். வயிற்றருகே தைத்த அந்தப் பையில் சில்லறையும் பொடி மட்டையும் இருக்கும். பனியனோடு கடைத்தெருவுக்குப் போவார், பஞ்சாயத்துக்கும் போவார். யாரைக் கண்டும் அதைக் கழற்ற வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

துண்டையும் சட்டையையும் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. வீட்டுக்கு வேலைக்கு வருபவர் தோளில் துண்டோடு உள்ளே வரட்டும். நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பேசுவோம். நம் பிள்ளைகள் அதைப் பார்த்து வளரட்டும்.