பொக்ஸ் மலையும் மஞ்சட் கொடியும்

அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மலைகள் சூழ அமைந்த ஊர் தியத்தலாவை. தேயிலைத் தோட்டங்களின் கரும்பச்சையைக் கண்டு பழகிய கண்களுக்கு இங்குள்ள புற்குன்றுகள் புதுமையாகத் தோன்றும். பத்தனாப் புல்வெளி எனப் புவியியலாளர் கூறும் நிலம் இதுவே. மரஞ்செடிகள் அருகி, அலையலையாய் எழுந்து தாழும் அக்குன்றுகளின் மீது மூடுபனி படிவதும் கலைவதுமாக இருக்கும் காட்சி கண்டு மகிழத்தக்கது.

இவ்வூரின் பெயர் வெளியுலகில் அடிபடத் தொடங்கியது 1900 ஆம் ஆண்டிலாகும். தென்னாபிரிக்காவில் நிகழ்ந்த யுத்தத்திற் சிறைப்பட்ட போவர்களை ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொணர்ந்து இங்கே அமைத்த முகாமில் வைத்தனர். இலங்கைக்கு இவ்வாறு கொணரப்பட்டோர் தொகை ஏறக்குறைய 5,000 ஆகும். அன்று தொட்டுத் தியத்தலாவை படையினரின் ஊராகவே இருந்து வருகின்றது. படை அதிகாரிகளைப் பயிற்றும் கழகமும், நில அளவையாளரைப் பயிற்றும் நிலையமும் இங்கே உள்ளன.

ஊருக்கு வருவோர் கண்ணை முதலிற் கவர்வது ஒரு குன்றின் சரிவில் வெண்கற்களால் அமைந்த நரியின் உருவம். ‘பொக்ஸ்’ என்னும் பெயருடைய பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள், தம் கப்பலின் பெயர் விளங்க அமைத்த உருவம் இது. கடலைக் காணவியலாத மலைநாட்டில் ஒரு கப்பலின் பெயர் கல்லில் நிலைத்தமை விந்தையே. இம்மலையின் பெயரையே தாங்கி, 1993 ஆம் ஆண்டிலிருந்து இங்கு நடந்த மோட்டார் ஓட்டப் போட்டிகள் நாடறிந்தவை. காரும் மோட்டார்ச் சைக்கிளும் மண் பறக்க ஓடும் அத்தடத்தைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

மோட்டோகுரொஸ் எனப்படும் இவ்விளையாட்டு இங்கிலாந்திலே பிறந்தது. 1924 ஆம் ஆண்டு கம்பர்லி என்னும் ஊரிலே கரடுமுரடான நிலத்தின் மீது மோட்டார்ச் சைக்கிள்களை ஓட்டிப் பார்த்த போட்டியே இதன் தொடக்கம் என்பர். பின்னர் ஐரோப்பா எங்கும் பரவியது. மோட்டார்ச் சைக்கிளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முற்பகுதியோடு, நாட்டுப்புற ஓட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இணைந்து இதன் பெயர் ஆயிற்று. மேடும் பள்ளமும், கூரிய வளைவும், வண்டியையும் ஆளையும் ஒருங்கே வானில் எறியும் திடர்களும் இதற்கு வேண்டும். இத்தகைய நிலத்தைப் பிற நாடுகளில் இயந்திரங் கொண்டு வெட்டிச் சமைப்பதுண்டு. தியத்தலாவையில் இயற்கையே பெரும்பகுதியைச் சமைத்து வைத்திருக்கின்றது. சூழவுள்ள சரிவுகளோ காண்போர் அமர்வதற்கு ஏற்ற படிகள் போல் அமைந்துள்ளன.

சரிவின் மேல் நிற்பவர் கண்ணுக்குத் தடத்தின் பெரும்பகுதி ஒரே பார்வையில் தோன்றும். இன்ன இடத்தில் ஒருவன் விழுந்தான், இன்னொருவன் அவனை நோக்கி வருகின்றான் என்பதை அவர் முன்கூட்டியே காண்பார். தடத்தில் ஓடுபவனுக்கோ அடுத்த மேடு வரையுமே தெரியும். மேட்டின் மறுபுறத்தில் என்ன உண்டு என்பதை அவன் அறியான். இவ்விளையாட்டின் இன்பமும் அங்கேதான் இருக்கின்றது. ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றது.

மாணவர் இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்பது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர். திடரின் உச்சியை விட்டெழுந்த வண்டி ஒரு செக்கன் நேரம் வானில் நின்றால் 14 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். அந்த ஒரு செக்கனில் தடையை அழுத்தியும் பயனில்லை, கைபிடியைத் திருப்பியும் பயனில்லை. சில்லு நிலத்தைத் தொட்டால் அன்றோ அவை வேலை செய்யும்! ஆகவே இறங்கும் இடத்தில் ஒருவன் விழுந்து கிடப்பானாயின், எழுந்து பறப்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் அவனைக் காப்பாற்ற மாட்டான்.

போட்டியில் ஓடுவோர் தரம் பிரித்து நிறுத்தப்படுவர். பயிற்சி நாளில் நிலைமை வேறு. அநுராதபுரத்துச் சாலியபுரம், மின்னேரியா போன்று போட்டி நடந்த மண்தடங்கள் சில உண்டாயினும், நம் நாட்டில் இவ்விளையாட்டுக்கு உரிய தடங்கள் மிகுதியாக இல்லை. தடம் குறைந்தவிடத்துப் பழகியவனும் பழகாதவனும் ஒரே மண்ணில் ஓட நேரிடும். 50 சீ.சீ. வண்டியில் ஏறிய சிறுவன் மேட்டின் மறைவில் தட்டுத் தடுமாறுவான், 450 சீ.சீ. வண்டியில் வரும் வீரன் அதே மேட்டை ஒரே பாய்ச்சலிற் கடப்பான். சிறுவனின் வண்டி ஏறக்குறைய 40 கிலோ. வீரனுடையது 100 கிலோவுக்கு மேல். பயிற்சிதானே என்று இலேசாக எண்ணுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

ஆதலினாலேயே இவ்விளையாட்டில் முதிர்ந்த நாடுகளின் பயிற்சித் தடங்களில் ஓட்டுநரைத் தொடக்க நிலையார், இடைநிலையார், தேர்ந்தவர் என வகுத்து, ஒவ்வொரு குழுவினருக்கும் பதினைந்து அல்லது இருபது நிமிடம் என்று முறை வைத்து விடுகின்றனர். சிறுவர்க்குத் தனியே சிறு தடம் அமைப்பதும் உண்டு. வயதையோ வண்டியின் பெருமையையோ கொண்டு இவ்வகுப்பை நிச்சயிப்பது தவறு. ஓட்டும் வேகத்தையும் பாயும் திறமையையும் கொண்டே நிச்சயித்தல் வேண்டும். விலையுயர்ந்த வண்டியை வாங்கிய அன்றே ஒருவன் தேர்ந்தவன் ஆகிவிடுவதில்லை.

வகுத்த பின்னும் வேற்றுமை இருக்கவே செய்யும். அங்கே சில ஒழுங்குகள் வேண்டும். அவற்றுள் தலையாயது, மெல்லச் செல்பவன் தன் வழியை மாற்றாது செல்லல். பின்னே இரைச்சல் கேட்டதும் பக்கத்தில் ஒதுங்குவது மரியாதையன்றோ என வாசகர் வினவலாம். வீதியில் அது மரியாதை. இத்தடத்தில் அது விபத்து. பின்னே வருபவன் எப்பக்கத்தால் முந்துவதென ஏற்கெனவே தீர்மானித்திருப்பான். முன்னே செல்பவன் திடீரென அப்பக்கமே ஒதுங்கினால் இருவரும் மோதுவர். இவ்வண்டிகளிற் பின்புறத்தைக் காட்டும் கண்ணாடியும் இல்லை, ஹோர்னும் இல்லை. முன்னவன் பின்னவனைக் காணமாட்டான்; பின்னவன் முன்னவனைக் காண்பான். காண்பவன் மீதே பொறுப்புச் சுமத்தப்படுதல் நீதி. எனவே முந்துபவனே பாதுகாப்பான இடம் பார்த்து முந்த வேண்டும். இடம் இல்லையாயின் காத்திருக்க வேண்டும்.

பாய இயலாத திடரைத் தொடக்க நிலையான் ஓர் ஓரமாக உருட்டிக் கடக்கலாம், அதில் இழிவில்லை. ஆனால் உச்சியில் தரிப்பதும், நடுவே குறுக்கறுப்பதும் ஒருபோதும் ஆகா. தடத்தை விட்டு வெளியேறுபவன் வேகத்தைக் குறைக்குமுன் கையை உயர்த்திக் காட்டுவான். உள்ளே வருபவன் அதற்கென வைத்த வாயிலால், பின்னே வருவோரைப் பார்த்த பின்பே வருவான். விழுந்தவன் முதலில் தன்னைக் காத்துத் தடத்தின் வெளியே செல்லவேண்டும். வண்டியை எடுப்பது அதன் பின்னரே.

இத்தனைக்கும் மேலாக வேண்டப்படுபவர் ஒருவர் உளர். அவர் வண்டியில் ஏறாதவர். மேட்டின் உச்சிக்கு அண்மையில், இருபுறமும் தெரியும் இடத்தில், கையிற் கொடியுடன் நிற்பவர். அவர் மஞ்சட் கொடியை அசைத்தால் முன்னே ஆபத்து என்பது பொருள்: வேகத்தைக் குறைக்கவேண்டும், முந்தலாகாது, பாயலாகாது. சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டமே நின்றுவிடும். நம் கோயில்களில் தேரிழுப்போர் நூற்றுக்கணக்கினராயினும், சில்லின் அருகே கட்டை போடுபவரே தேரின் போக்கைக் காக்கின்றார். தடத்திற் கொடி பிடிப்பவரும் அத்தகையவரே. பயிற்சி நாளாயிற்றே என்று இவரை நிறுத்தாது விடுவதிலும் பெரிய பிழை வேறொன்றில்லை.

இவ்வாறு நாம் வற்புறுத்துவதற்குப் பொக்ஸ் மலையே காரணம். 2024 ஏப்பிரில் 21 ஆம் திகதி, சில ஆண்டு இடைவெளிக்குப் பின் இங்கு மீண்டும் போட்டி நடந்தது. அன்று விபத்துக்குள்ளானவை கார்கள். ஒரு கார் புரண்டது. பின்வருவோரை எச்சரிக்கத் தட உதவியாளர் மஞ்சட் சமிக்ஞை காட்டிக்கொண்டிருக்கையில், வேறொரு கார் தடம் விலகி மக்களிடையே புகுந்தது என அன்றைய செய்திகள் கூறின. 7 பேர் உயிரிழந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவருள் 8 வயதுச் சிறுமி ஒருத்தி. நால்வர் தடத்திற் பணிபுரிந்தோர்.

சமிக்ஞை காட்டுவது மட்டும் போதாது. அதைக் கண்டவுடன் வேகம் தணியும் பழக்கம் ஓட்டுநரின் உடம்பில் ஊறியிருக்கவேண்டும். காட்டுபவரும் காண்போரும் வண்டி புகாத தூரத்தில் நிற்கவேண்டும். அப்பழக்கம் போட்டி நாளில் ஒருவனுக்கு வந்துவிடாது. யாரும் கைதட்டாத பயிற்சி நாட்களில், தன்னிலும் மெலியவன் ஒருவன் முன்னே செல்லும்போது பொறுத்துச் சென்று பழகியவனுக்கே அது வரும். யானைக்கும் அடி சறுக்கும் என்பர். இன்று பொறுத்தவன் நாளை விழுந்து கிடக்கும்போது, இன்னொருவன் பொறுப்பது அவனுக்கே வேண்டியதாகும்.

மகன் மண்தடத்தில் ஓடப் பழகவேண்டும் என்று கேட்டால், பெற்றோர் உடனே மறுக்கவும் வேண்டாம்; உடனே வண்டி வாங்கவும் வேண்டாம். ஒரு பயிற்சி நாளில் அத்தடத்திற்குச் சென்று, தரம் பிரித்து விடுகின்றனரா, ஒவ்வொரு மறைவான மேட்டிலும் ஒருவர் கொடியுடன் நிற்கின்றாரா, காயமுற்றோரைக் கொண்டு செல்ல வாகனம் ஆயத்தமாக உள்ளதா, காண்போர் தடத்திலிருந்து விலகி நிற்கின்றனரா என்று பார்க்கட்டும். நான்கும் உள்ள இடத்திற்கு மகனை அனுப்பலாம். ஒன்று குறைந்தாலும், அக்குறை தீரும் வரை அவன் சரிவின் மேல் நின்று பார்த்திருப்பதே நன்று.