தறியின் இடப்பக்கம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஆடி மாதம் வந்தால் தெருவுக்குத்தான் போட்டி. கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பந்தல் போட வேண்டும், கழி நட வேண்டும், சீரியல் பல்பு கட்ட வேண்டும். அதே தெருவில்தான் விடிந்தும் விடியாமலும் பட்டுப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிறார்கள். காற்று எழும்பிவிட்டால் இழைகள் பின்னிக்கொள்ளும். ஆடிக் காற்று யாரிடமும் சொல்லிவிட்டு வருவதில்லை. அதனால் பந்தக்கால் நடுவதற்குள் யார் யார் பாவு தெருவுக்கு வர வேண்டும் என்று விழாக் குழுவும் நெசவாளர்களும் பேசி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் அதே ஆட்கள்தான் என்பதால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஆடியில் கல்யாணம் கிடையாது, எனவே தறிக்கும் ஓய்வு என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்போம். ஜவுளிக் கடையில் தள்ளுபடி போர்டு தொங்குகிற அதே நாளில் இங்கே ஆவணி முகூர்த்தச் சேலை தறியில் இருக்கிறது, அதன் பின்னாலேயே தீபாவளிச் சேலை காத்திருக்கிறது. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். நான் போய் உட்கார்ந்த வீட்டில் ஒரு பாவுக்கு மூன்று சேலை. முதல் சேலையை அறுத்துக் கொடுத்து வந்த கூலியில் கோயில் வரியைக் கட்டியாகிவிட்டது. இரண்டாவது, பாதியில் நிற்கிறது. மூன்றாவதற்கு நிறம் சொல்லி முதலாளி இப்போதே ஆள் அனுப்பிவிட்டார்.

குழித்தறி. காலைப் பள்ளத்தில் விட்டு வலப்பக்கம் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கம் அவர் மனைவி. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், பேட்டு என்கிற கரைக்கு வேறு நிறம். இரண்டும் சேருமிடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும். வலப்பேட்டு நாடாவையும் உடல் நாடாவையும் அவர் பார்த்துக்கொள்கிறார். இடப்பேட்டு நாடா அந்த அம்மாளின் கையில். அவர் கை வந்து சேரும்வரை இவர் பலகையை இழுத்து அடிக்க முடியாது. ‘கல்யாணம் முடிஞ்சு மூணாம் மாசம் இந்தப் பக்கம் ஒக்காந்தேன்’ என்றார் அந்த அம்மாள். முன்பெல்லாம் இந்த ஊரில் அந்த இடத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு முயற்சிகள் தீவிரமான பிறகு அது பெரிதும் குறைந்தது. ஆனால் இடம் காலியாக இருக்க முடியாதல்லவா? பல வீடுகளில் அம்மாக்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

திருவிழா வாரத்தில் அந்த அம்மாள் செய்யும் வேலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தறியில் இடப்பக்கம். எழுந்தால் ராட்டையில் தார் சுற்றுவது. நடுவில் கேழ்வரகைப் புடைத்து மில்லுக்கு அனுப்புவது. சின்ன வெங்காயம் உரிப்பது, முருங்கைக்கீரை சொல்லி வைப்பது, ஊரிலிருந்து வரும் நாத்தனாருக்குப் பாய் தேடுவது. நடுவில் ஒருமுறை எழுந்தபோது வீட்டுக்காரர், ‘இன்னும் எவ்ளோ நேரம்?’ என்று கேட்டார். கோபமாக இல்லை. அவர் இல்லாமல் இவரால் ஒரு இழைகூட ஓட்ட முடியாது, அவ்வளவுதான்.

என் பையில் பாதி போட்ட குரோஷா போர்வைகள் இரண்டு இருந்தன. ஒரு முதியோர் இல்லத்து விழாவுக்காக எங்கள் குழுவில் ஆளுக்கு இத்தனை சதுரம் என்று பிரித்துக்கொண்ட வேலை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு எதையும் முடிக்காமல் இருந்தேன். அதை வாங்கிப் பார்த்த அம்மாள் முதலில் கேட்டது, ‘இத எங்க வேணா நிறுத்தலாமா?’ நிறுத்தலாம் என்றேன். ஊசியை உருவினாலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும், அதில் ஒரு ஊக்கு மாட்டிவிட்டால் போதும். ‘நல்ல வேலம்மா. எங்களுதுல நான் எழுந்தா அவரும் எழுந்துரணும்.’

அதுதான் வித்தியாசம். குரோஷாவைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம், யார் வீட்டிலும் போடலாம். 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தது அப்படித்தான்: பல ஊர்ப் பெண்கள் அவரவர் வீட்டில், அவரவர் நேரத்தில் போட்ட துண்டுகளை ஒன்றாக இணைத்தார்கள். பட்டுச் சேலையை அப்படிப் பங்கு போட முடியாது. ஒரே தறி, ஒரே நேரம், இரண்டு பேர்.

ஆனால் பிரிக்க முடிகிற வேலைக்கு வேறொரு ஆபத்து உண்டு. ஆந்திராவின் நரசாபூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஆய்வாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் எழுதினார். உலகச் சந்தைக்கு நாள் முழுக்கப் பின்னிய அந்தப் பெண்களைத் தொழிலாளிகள் என்று யாரும் சொல்லவில்லை; இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்றே கணக்கு. அங்கே வேலை சிதறிக் கிடந்ததால் கண்ணுக்குப் படவில்லை என்று வைத்துக்கொள்வோம். காஞ்சியில் இந்த அம்மாளின் கையிலேயே நாடா இருக்கிறது, கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அப்போதும் அதே கதை. கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள்; அது வீட்டுக்காரர் பெயரில் எழுதப்படுகிறது. இடப்பக்கத்துக்குத் தனியாக ஏதாவது உண்டா என்று கேட்டேன். இருவருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை. வெளி ஆளை அந்த இடத்தில் உட்கார வைத்தால் கூலி கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

பண்டிகைக்கு அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு மருமகளும் இந்த அம்மாளும் முறை போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தர் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மாவு கரைத்துப் புளிக்க வைத்தால், மற்றவர் இரண்டு தறியிலும் மாறி மாறி இடப்பக்கம் உட்காருகிறார். ‘கை மாறினா பேட்டுல தெரியாதா?’ என்றேன். ‘தெரியும். புடிச்சுப் போடறதுல ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கும். வெறும் ஒடம்பு ஓடறப்ப சமாளிச்சுக்கலாம்’ என்றார். கோர்வை இடத்தில் இழை தளர்ந்திருந்தால் சேலையை வாங்குமிடத்தில் விரலால் தடவியே கண்டுபிடித்துக் கூலியில் கழித்துவிடுவார்களாம்.

முந்தானைக்கு மட்டும் இந்த ஏற்பாடு கிடையாது. அங்கே சரிகை வேலை நெருக்கம், அதை கணவன் மனைவி இருவரும்தான் போட வேண்டும். இரண்டாவது சேலை முந்தானையை நெருங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ராத்திரிக்குள் முடியாவிட்டால் கூழுக்கு மறுநாள் உட்கார வேண்டும். நாத்தனார் வந்திருக்கும்போது அது நடக்காது என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, ‘ஞாயித்துக்கெழம வா. தூக்கு எடுத்துக்கினு வா. பத்து மணிக்கு மேல வந்தா கருவாட்டுக் கொழம்பு இருக்காது, சொல்லிட்டேன்’ என்றார்.