அழாத பிள்ளை

“அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்பது நம்மவர் நாவிற் பழகிய மொழி. ஐயங் கேளாது வாளாவிருக்கும் மாணவரை நோக்கி வகுப்பில் இதனை நாம் எத்தனையோ முறை கூறியிருக்கிறோம். இப்பொழுது கூறுவதில்லை. காரணம், எமது தங்கையின் மகன்.

2016 ஆம் ஆண்டு, நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்களில் அவன் பிறந்தான். தலைப்பிரசவத்துக்காகத் தங்கை தாய்வீடு வந்திருந்தாள். வைத்தியர் குறித்த நாளுக்கு முப்பது நாள் முன்னதாகவே நோக் கண்டுவிட்டது. 35 வாரமும் 5 நாளும் நிறைந்த பிள்ளை. நிறை 2 கிலோ 300 கிராம். கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிவருமோ என்று அஞ்சிய எமக்கு, தாயின் அருகிலேயே அவனைக் கிடத்தியது பெரும் ஆறுதலாயிற்று. சற்றுச் சிறிய பிள்ளை, அவ்வளவுதான் என்று எண்ணி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

வந்தவன் உறங்கினான். பார்க்க வந்தோரெல்லாம், “தாயை அலைக்கழிக்காத பிள்ளை” என்று புகழ்ந்தனர். நாமும் புகழ்ந்தோம். அவன் நித்திரை குழம்புமென்று வானொலியை நிறுத்தியவரும் நாமே. மார்பில் வைத்தால் இரண்டு மூன்று தரம் உறிஞ்சுவான், கண் செருகும், வாய் நழுவும். வயிறு நிரம்பிவிட்டது என்று அம்மா எடுத்துக் கிடத்துவார்.

நான்காம் நாள் தங்கை, “அண்ணா, எனக்குப் பால் இல்லைப்போலே கிடக்கு” என்று கண் கலங்கினாள். திருவிழாக் காலத்தில் எமது வீட்டில் மீன் சமைப்பதில்லை. பால்சுறா கொடுக்க முடியாமற் போனதே குறை என்று அம்மா மனம் நொந்து, முருங்கையிலையும் உள்ளியுமாகச் சமைத்துக் கொடுத்தார். நாம் கடைக்குச் சென்று பால்மாப் பேணி ஒன்று வாங்கி வந்தோம். மறுநாட் காலையிற் பிள்ளையின் முகம் மஞ்சள் பூத்திருந்தது. இளவெயிலிற் காட்டினால் மாறும் என்றனர் அயலார். வெயிலிற் பிடித்தபோதும் அவன் கண் விழிக்கவில்லை, அழவுமில்லை. அப்பொழுதுதான் எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது.

வைத்தியசாலையில் ஒரு மூத்த தாதி கேட்டார்: “மாஸ்ரர், நேற்று முழுக்கப் பிள்ளை எத்தனை தரம் குடிச்சது?” கணிதம் படிப்பிக்கும் எமக்கு விடை தெரியவில்லை. விரல் மடித்துப் பார்த்தபோது ஐந்து வந்தது. தராசில் 2 கிலோ 40 கிராம் காட்டிற்று. பிறப்பு நிறையில் 100 க்கு 11 பங்குக்கு மேல் ஐந்து நாளிற் போய்விட்டது. 100 க்கு 10 என்பதே வைத்தியர்கள் கவலை கொள்ளும் எல்லை.

34 வாரம் நிறைந்து, 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் பிள்ளைகளை ஒரு காலத்தில் ‘ஏறத்தாழ நிறைமாதம்’ என்றே அழைத்தனர். அப்பெயர் வைத்தியரையே ஏமாற்றிற்று. 2005 இல் அமெரிக்காவிற் கூடிய நிபுணர்கள் அதனைக் கைவிட்டு, ‘பிந்திய குறைமாதம்’ என்று வழங்குமாறு கூறினர். தோற்றம் நிறைமாதத்தை ஒத்திருப்பினும், 34 வாரத்தில் மூளையின் நிறை நிறைமாதத்தில் இருப்பதன் மூன்றில் இரண்டு பங்கேயாம். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் ஒழுங்குபடுத்த அப்பிள்ளைக்கு இன்னும் இயலாது. பசித்து விழிக்கும் வலுவும் குறைவு. பால் குறைந்தால் மலம் குறையும். மலத்தோடு கழிய வேண்டிய மஞ்சள் நிறப்பொருள் மீண்டும் இரத்தத்திற் சேரும். முதிராத ஈரலால் அதனைச் சமாளிக்க முடிவதில்லை. மஞ்சள் கூடக்கூட உறக்கமும் கூடும். நாம் சாந்தகுணம் என்று மெச்சியது சோர்வையே.

பால் வற்றியதற்கும் பால்சுறா காரணமன்று. எடுக்க எடுக்கவே மார்பிற் பால் ஊறும். எடுக்க வலுவற்ற வாய் எனின், ஊற்று அடங்கிவிடும்.

நீல விளக்கின் கீழ் அவன் இரண்டு நாட் கிடந்தான். அந்நாட்களில் அத்தாதி தங்கைக்குக் கற்பித்தது ஒரு பாடமாகவே அமைந்தது. மூன்று மணிக்கு மேல் இடைவெளி விடலாகாது. இரவு பகலாக எட்டுத் தரமாவது பால் கொடுக்க வேண்டும். உறங்கினாற் சட்டையைக் கழற்றி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்ப வேண்டும். பிள்ளையைக் கக்கத்தின் கீழ் அணைத்து, ஒரு கையாற் கழுத்தடியைத் தாங்கி, மறு கையால் மார்போடு நாடியையும் ஏந்திக்கொண்டால் வாய் நழுவாது. அரை மணிக்கு மேல் இழுத்தடித்தாற் பிள்ளை களைத்துப்போகும். அதன்பின் கையாற் பாலைப் பிழிந்து, சிறு கிண்ணத்தாற் பருக்க வேண்டும். ஈரத்துணி நாளொன்றுக்கு ஆறாவது இருத்தல் வேண்டும். மற்ற நேரத்தில் வெறும் மேனியோடு தாயின் நெஞ்சிற் கிடத்தி மூடிவிட்டார். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978 இல் எட்கார் ரேய் என்ற வைத்தியர், பெட்டிகள் போதாமையால் தொடங்கிய முறை இது. உடற்சூடும் காக்கும், பாலும் ஊறும்.

முதல் நாளில் தோன்றும் சீம்பால் சில துளியே என்று தங்கை வருந்தியிருந்தாள். சில துளியே அவ்வயிற்றுக்குப் போதும் என்று எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. பசுவின் கடும்புப் பாலைக் காய்ச்சி அயலுக்கெல்லாம் பங்கிடும் நாம், இதனை மட்டும் ஐயுறுவது விந்தையே.

முதன்முறை வீடு திரும்பியபோது எமக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: “பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.” நிறைமாதப் பிள்ளைக்கு அது பொருந்தும். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எவ்வாறு பொருந்தும்? தாதி கற்பித்ததற்கு அரை மணி நேரமே சென்றது. அந்த அரை மணி, படலை தாண்டுமுன் தங்கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கும் எமக்கும் கிடைத்திருந்தால் இன்னும் நன்று. பச்சையுடம்புக்காரியின் வீட்டில் அவள் சொல்லைவிட நம் சொல்லே மேலோங்குகிறது. பால்மா எவருக்கும் ஆகாதென்று வாதிக்க நாம் வரவில்லை. தாய்ப்பால் போதாத பிள்ளைக்கு வைத்தியர் கூறும் அளவிற் கொடுக்கவே வேண்டும். நாம் வாங்கிய பேணியோ திறக்கப்படாமலே கிடந்தது.

வீட்டில் அப்பியாசக் கொப்பி ஒன்றிற் கோடு கீறி, பால் குடித்த நேரம், ஈரத்துணி, மலம், நிறை என்று பதிந்தோம். நள்ளிரவுப் பதிவு எமது பங்கு. குடும்பநல மாது நிறுக்க வந்தபோது அதனைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். பதின்மூன்றாம் நாள் பிறப்பு நிறை மீண்டது.

31 ஆம் நாள் துடக்குக் கழிவு. வைத்தியர் முதலிற் பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளும் அதுவே. ஐயர் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். அடுத்த பாலுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கையில், உள்ளறையிலிருந்து வீடு அதிர அழுகை கேட்டது. அம்மா செம்பை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். கொப்பியில் அன்றைய வரியைத் தங்கை தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்: “10.15. தானாக அழுதான்.”