முக்கால் கட்டை

உங்கள் வீட்டு பீரோவில் ஒரு கல்யாண வி.சி.டி. கிடக்கும். உறை மேலே ரோஜாப்பூவுக்கு நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும். உள்ளே மூன்று தட்டு. அதை டி.வி.டி.யாக மாற்றக் கொடுக்கும்போது படத்தைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பீர்கள். சத்தத்தைப் பற்றி ஒன்றுகூடக் கேட்க மாட்டீர்கள். எனக்குத் தெரிந்து யாருமே கேட்பதில்லை.

இந்தக் காலத்தில் யார் சார் டி.வி.டி. பார்க்கிறார்கள் என்கிறீர்களா? போடிநாயக்கனூரில் என் அத்தை பார்க்கிறார். பென் டிரைவ் கொடுத்தால் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளக்கூடிய ஆள். மகள் கல்யாண கேசட்டைப் பூஞ்சை தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது வி.சி.டி. மட்டும். அதிலும் முக்கால்வாசிக்கு ஸ்டூடியோக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார். தப்பித்தது ரெண்டாவது தட்டில் ஒரு முப்பது விநாடி. மாமா கேமராவைப் பார்த்து, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்கிறார். மாமா இப்போது இல்லை. அந்தக் குரல் வேறு எங்கேயும் இல்லை. மூன்று தட்டையும் ஒன்றாக்கி, பட்டனை அழுத்தினால் மாமா வரணும் என்பது அத்தையின் ஆசை.

உள்ளூரில் ஒரு கடையில் கொடுத்தார்கள். வந்தது. போட்டுப் பார்த்த அத்தை சொன்னது: "இது உங்க மாமா இல்லப்பா. யாரோ சின்னப்பய பேசுறான்."

ஏலம் கம்ப்யூட்டருக்குப் போவதற்கு முன்னால், வாயால் விலை கேட்ட காலத்து ஏலக்காய் வியாபாரி அவர். கூடத்தில் பழகிய தொண்டை. அது கீச்சுக்குரலாகிவிட்டது. ஏன்?

போடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மதுரை - போடி மீட்டர் கேஜ் வண்டி 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதை போட்டு மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். நடுவில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். 1,000 மில்லிமீட்டர் பாதையில் ஓடியது 1,676 மில்லிமீட்டர் பாதையில் ஓடாது. சத்தத்துக்கும் ரெண்டு கேஜ் உண்டு. ஆடியோ சி.டி.யும் வி.சி.டி.யும் ஒரு விநாடிச் சத்தத்தை 44,100 புள்ளிகளாக வெட்டி வைக்கின்றன. டி.வி.டி. 48,000 புள்ளி கேட்கிறது. (44,100 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது? ஆரம்பத்தில் டிஜிட்டல் சத்தத்தை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். திரையில் 294 கோடு, விநாடிக்கு 50 தடவை, கோட்டுக்கு 3 புள்ளி. பெருக்கிப் பாருங்கள். பி.காம். படித்த எனக்கே கணக்கு சரியாக வந்தது.)

இதில் வேடிக்கை என்னவென்றால், வி.சி.டி.யின் படம் பெரும்பாலும் அப்படியே டி.வி.டி.க்குச் செல்லும். எம்பெக்-1, 352க்கு 288 என்ற அளவை டி.வி.டி. ஏற்றுக்கொள்கிறது. தகராறு சத்தத்தில் மட்டும்தான். அதற்கு ஒவ்வொரு 147 புள்ளிக்கும் பதில் 160 புள்ளி கணக்குப் போட்டு உண்டாக்கணும். அதைச் செய்யாமல், 44,100-ஐயே 48,000 என்று சீட்டு ஒட்டி அனுப்பினால் சத்தம் வேகமாக ஓடும். ஒரு மணி நேரப் பேச்சு 55 நிமிஷத்தில் முடியும். சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும். மாமா சின்னப்பயலானது இப்படித்தான்.

நல்லவேளை, பழைய தட்டு பத்திரமாக இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் எம்பெகாவ் என்ற ஃபோல்டருக்குள் 'டேட்' ஃபைல் இருக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளை வைத்து அதிலிருந்து சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்கலாம். இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரிப்பது வேறு, மாற்றுவது வேறு. பிரிப்பது ஏலக்காயை ஒரு சாக்கிலிருந்து இன்னொரு சாக்குக்குக் கொட்டுவது மாதிரி. காய் குறையாது. எம்பி3 ஆக்குவது பொடி பண்ணுவது. பொடியைத் திரும்பக் காயாக்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. பல கடைகளில் முதலில் எம்பி3, அப்புறம் வேவ், அப்புறம் டி.வி.டி.க்கான ஏசி-3 என்று மூன்று கை மாற்றுகிறார்கள். ரூபாயை டாலராக்கி, டாலரை யூரோவாக்கி, மறுபடி ரூபாயாக்கினால் கையில் என்ன மிஞ்சும்? ஒவ்வொரு கவுன்டரிலும் கமிஷன். இத்தனைக்கும் டி.வி.டி. வீடியோவில் எம்பி3-க்கு இடமே கிடையாது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். பிரித்த சத்தத்தை ஒரே தடவை 48,000-க்கு மாற்றினோம். அதைச் சுருக்காமல் பி.சி.எம். ஆகவே வைத்தோம். மணிக்குச் சுமார் 690 எம்.பி. பிடிக்கும். ஏசி-3 என்றால், 192 கிலோபிட்டில் 86 எம்.பி. போதும். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு பி.சி.எம். ரெண்டு ஜி.பி. சொச்சம், வி.சி.டி. படம் ஒன்றரை ஜி.பி. சொச்சம். 4.7 ஜி.பி. தட்டில் தாராளமாக உட்கார்ந்தது. இடம் இருக்கும்போது எதற்குச் சிக்கனம்?

அத்தை மாமா வரும் இடத்தை மூன்று தடவை போடச் சொன்னார். அப்புறம், "சாப்பாட்டுல அன்னைக்கு உப்பு ஜாஸ்தி" என்றார்.

நீங்கள் மாற்றக் கொடுப்பதாக இருந்தால், பிரித்தெடுத்த அந்த ஒரிஜினல் சத்த ஃபைலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பழைய தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டி.வி.டி.யை வாங்கியதும் கடையிலேயே போட்டுப் பாருங்கள். முதல் ரெண்டு நிமிஷம் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றலாம். விலகல் போகப் போகத்தான் தெரியும். தாலி கட்டும் இடத்துக்குப் போங்கள். கெட்டிமேளம். தவிலில் கை விழுவதும் சத்தமும் ஒன்றாக வருகிறதா பாருங்கள். அப்படியே கடைசிக்குப் போய், யாராவது வாய் திறந்து பேசும் இடத்தையும் பார்த்துவிட்டு, அப்புறம் காசைக் கொடுங்கள்.