ஊர்க் கரண்டின் மேல் போட்ட பழி

கதை எழுதுகிறவனுக்குப் பொய் சொல்லவா தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். தாளில் சொல்லத் தெரியும். வாயால் சொன்னால் உடனே அகப்பட்டுக்கொள்கிற ஜாதி நான். ஆனால் சின்னமனூரில், என் அக்கா வீட்டு மாடியில் நான் சொன்ன ஒரு பொய்யை எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

அக்காவின் மகன் பத்து வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, இனிமேல் ஊரிலேயே இருந்து இசையமைக்கப் போவதாகச் சொல்லி வந்து சேர்ந்தான். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்கள் உத்தமபாளையம் தாலுகாவில்தான் இருக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்தில் ஒருவன் பாட்டுக் கட்டப் போகிறேன் என்றால் யாரும் சிரிப்பதில்லை. அவன் கூடவே இரண்டு ஸ்பீக்கர்களும் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன நெல் மூட்டை கனம். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கரண்ட் கொடுக்க வேண்டும்.

பிரயாணக் களைப்பில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் காப்பியும் கையுமாக மாடிக்குப் போனேன். அமெரிக்கப் பிளக்கை நம் சுவரில் பொருத்துகிற மாற்றுப் பிளக் ஒன்று மேஜைமேல் கிடந்தது. அதை வைத்துத்தான் முதல் நாள் ராத்திரி அவன் கம்ப்யூட்டரைப் போட்டான், நன்றாக ஓடிற்று. கம்ப்யூட்டருக்கு ஆவது ஸ்பீக்கருக்கு ஆகாதா? மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

அவன் எழுந்து வந்து கேட்டபோது என் வாயில் வந்தது இது: "அரை மணி நேரம் நல்லாத்தான் இருந்துச்சு, மாப்பிளே. திடீர்னு வோல்டேஜ் எகிறி, லைட்டெல்லாம் பளிச்சுன்னு எரிஞ்சுது. இதுவும் போயிருச்சு."

சின்னமனூர்க் கரண்டின் மேல் பழியைப் போட்டால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? எங்கள் வயலுக்குப் பாய்கிற முல்லைப் பெரியாறே, லோயர் கேம்ப்பில் 1958-ல் ஓடத் தொடங்கிய மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுற்றிவிட்டு வருகிற தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்றுவிட்டு அப்படிச் சொன்னேன்.

அவன் இரண்டு நாள் பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள் சாப்பாட்டில், "இந்த ஊர்க் கரண்டை நம்பி வேலை செய்ய முடியாது, அம்மா. சென்னையிலே ஒரு ரூம் பார்க்கச் சொல்லியிருக்கேன்" என்றான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். பத்து வருஷமாக அந்த வீட்டில் தனியாக இருந்தவள். எனக்கு மேற்கொண்டு சோறு இறங்கவில்லை.

மெயின் ரோட்டில் பம்ப் செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் போய் அழைத்து வந்தேன். வந்தவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்பி சொருகுகிற இடத்துக்குப் பக்கத்திலிருந்த சின்ன மூடியைத் திறந்து, ஃபியூஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிக்குள்ளே கருப்பாகப் புகை படிந்திருந்தது.

"போட்ட உடனே போச்சா, ஓடிக்கிட்டு இருக்கையிலே போச்சா?"

மருமகன் என்னைப் பார்த்தான். அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"போட்ட உடனே" என்றேன். "வோல்டேஜ் ஏதும் எகிறலே. நான்தான் மாட்டினேன்."

பெரியவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதானே பாத்தேன். மெல்ல ஒருகிப் போயிருந்தா கண்ணாடி சுத்தமா இருக்கும். இது ஒரே அடியிலே போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திருப்பி மருமகனிடம் காட்டினார். கம்பி நுழைகிற இடத்துக்கு மேலேயே அச்சடித்திருந்தது: 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர் சார்ஜரை எடுத்துப் பார்த்தோம். அதில் 100 முதல் 240 வரை என்றிருந்தது. அது எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்கிற பிள்ளை. ஸ்பீக்கர் அப்படியல்ல. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் பொருந்தினால் கரண்டும் பொருந்திவிடும் என்று நினைத்தது என் படிப்பின் லட்சணம்.

இரண்டு மடங்கு வோல்டேஜ் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு அவ்வளவு காந்தத்தைத் தாங்காது. தாங்காத கணத்தில் காயில் கரண்டைக் குடம் குடமாகக் குடிக்கும். நல்ல காலம், ஃபியூஸ் முந்திக்கொண்டது. அவசரத்தில் யாராவது அங்கே ஒரு தடித்த கம்பியைச் சுற்றியிருந்தால் காயிலே கருகியிருக்கும் என்றார்.

110-க்கு இறக்குகிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வெளியே வாங்கி வைக்கலாமா என்று மருமகன் கேட்டான். வைக்கலாம், ஆனால் இரண்டு பெட்டிக்கும் தாங்குகிற அளவில் பெரிதாக வாங்க வேண்டும்; மலிவாகக் கிடைப்பதில் இரண்டே ஓட்டைதான் இருக்கும், எர்த் போய்விடும் என்றார் பெரியவர். பிறகு, உள்ளே தேங்கிய கரண்ட் வடியட்டும் என்று ஒரு வெற்றிலை போடுகிற நேரம் காத்திருந்து மூடியைக் கழற்றினார். டிரான்ஸ்ஃபார்மரில் சுவர்க் கரண்ட் வருகிற பக்கம் நான்கு கம்பிகள் இருந்தன. அதைக் கண்டதும் முதல் தடவையாகச் சிரித்தார். 115-க்கு இரண்டு காயில் பக்கம் பக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றின் வாலை மற்றதன் தலையோடு கோத்துவிட்டால் 230-க்கு ஆயிற்று. தலை எது வால் எது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதற்குத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது. அதை மாற்றிக் கோத்தால் மறுபடியும் 'டப்'தான். அந்த டிரான்ஸ்ஃபார்மரில் 50/60 என்று போட்டிருந்ததால் ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலையில்லை. வோல்டேஜ் இரட்டித்தால் கரண்ட் பாதி. ஆகவே 4 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 2 ஆம்பியர் போட்டார்.

நேராகச் சுவரில் மாட்ட அவர் சம்மதிக்கவில்லை. துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்து, கரண்ட் அதன் வழியாகவே ஸ்பீக்கருக்குப் போகிறபடி கோத்தார். பல்பு முழுக்க எரிந்து நின்றால் உள்ளே இன்னும் கோளாறு என்று அர்த்தம்.

"சுவிச்சைப் போடுங்க, சார்" என்றார்.

"நானா?"

"நீங்கதானே அன்னைக்குப் போட்டது."

போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அக்கா "ஐயோ" என்றாள். அடுத்த கணம் அது மெல்ல மங்கி, சிவந்த ஒரு இழையாக அடங்கிவிட்டது. ஸ்பீக்கரின் முகத்தில் சின்னப் பச்சை விளக்கு.

மற்ற பெட்டியையும் அதே மாதிரி மாற்றி முடிப்பதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. இரண்டையும் கம்ப்யூட்டரோடு சேர்த்தபோது 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தது. கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் ஸ்பீக்கர்கள் எதிர்ச் சுவரிலும் மாட்டியிருந்தன. எல்லாவற்றையும் ஒரே பலகைக்குக் கொண்டுவந்ததும் இரைச்சல் நின்றுவிட்டது. எர்த் கம்பியை வெட்டினாலும் நின்றுபோகும், ஆனால் ஆளும் போயிருவான் என்றார் பெரியவர்.

மருமகன் அன்றிரவு என்னோடு பேசவில்லை. அவன் பேசாததில் எனக்கு வருத்தமும் இல்லை. மறுநாள் காலையில் மாடியிலிருந்து குரல் வந்தது: "மாமா, இந்த ஜன்னலுக்குத் திரை தைக்க ஊரிலே யார் இருக்கா?"

அக்கா அடுப்பைக் கவனிக்காமல் நின்றதில் பால் பொங்கி வழிந்துவிட்டது.