பெயர் ஒன்று, ஆட்டம் வேறு

ஃபைனல் ஃபேண்டஸி என்னும் வீடியோ விளையாட்டு வரிசை 1987ஆம் ஆண்டு ஜப்பானில் தோன்றிற்று. அதன் பதினாறாம் பகுதி 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தபோது, அன்பர்கள் இரு கூறாயினர். எம் இல்லத்திலும் அப்பிளவு நேர்ந்தது.

எம் தமையனார் 2001இல் வந்த பத்தாம் பகுதியை ஆடி வளர்ந்தவர். அதில் வீரர் முறைமுறையாய்ப் பொருவர். ஆடுவோர் ஆணையிடும்வரை ஆட்டம் காத்து நிற்கும். பதினாறிலோ கைவிரைவே வேண்டும். ஆடுவோர் பெரும்பாலும் கிளைவ் என்னும் ஒருவனையே இயக்குவர். தோழர் தாமே போரிடுவர். "இது அதுவன்று" எனக் கூறித் தமையனார் கன்ட்ரோலரை எம் கையிற் கொடுத்து எழுந்தார். யாமோ அப்போர்களின் பேரெழிலில் திளைத்தோம்.

பகுதிதோறும் புது உலகமும் புது மாந்தரும் அமைதலின், மாறுதலே இவ்வரிசையின் மரபெனலாம். ஆயினும், பழைய ஆட்டத்தில் தமையனார் எம்மைப் பக்கத்திருத்தி, "அடுத்து என் செய்வோம், தம்பி?" என்று வினவுவார். விரைந்த போரில் அவ்வினாவுக்கு ஓய்வேது? அவர் இழந்தது அதுவே.

நண்பர்காள்! புதியதைக் குறை கூறுவோரைப் பழமைப் பித்தர் என இகழற்க. அவர் எதனை நேசித்தார் என்று கேட்டறிக.