செத்த காலேஜில் கற்ற பாடம்

முன்னாளில் சென்னைக்குச் சென்று மீண்ட நாட்டுப்புறத்தார், எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக் காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். நகைப்புக்கிடமான பெயர்களேயெனினும், அவ்விரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. 1851-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அப்பொருட்காட்சிச் சாலையின் முதற் பொறுப்பாளராயிருந்த எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர், 1855-இல் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டினார். அவையே பின்னர் இடம் பெயர்ந்து பெருகி, 1985 முதல் வண்டலூரில் விளங்குகின்றன. சென்னைக்குச் செல்லாமலே, நம் பகுதிக்கு அண்மையிலுள்ள ஒரு செத்த காலேஜில் யான் கற்ற பாடமொன்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

யான் காரைக்குடியில் சிறுவர்க்குக் கல்வி பயிற்றும் உபாத்தியாயன். சென்ற ஆண்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் புதுக்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். திருமயம் கோட்டையைக் கண்டு ஆரவாரித்த பிள்ளைகள், திருக்கோகர்ணத்திலுள்ள பொருட்காட்சிச் சாலையை அடைந்ததும் வாயடைத்து நின்றனர். புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாயிருந்தபோது, 1910-இல், நிறுவப்பெற்ற சாலை அது. பாடம் செய்யப்பட்ட விலங்குகளைக் கண்டதும் அவர்கள் முதலிற் கேட்ட கேள்வி, "ஐயா, இது கடிக்குமா?" என்பது. சிறிது நேரத்தில் ஒரு சிறுமி, "இதைக் கொன்றது யார், ஐயா?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு விடை கூறுதல் எனக்கு எளிதாக இல்லை.

எங்கள் வகுப்பில் மெலிந்த உடலும் பெரிய விழிகளும் உடைய பையன் ஒருவன் உளன். ஒருநாள் கணக்கிற்கு விடை தெரியாமல் அவன் நின்றபோது, "தேவாங்கு போல் ஏனடா திருதிருவென்று விழிக்கிறாய்?" என்று கூறிவிட்டேன். வகுப்பு முழுதும் நகைத்தது, யானும் நகைத்தேன். அன்று முதல் அவன் பெயர் மறைந்தது. தேவாங்கு என்பதே நிலைத்தது. அதை அறிந்தும் யான் தடுத்தேனல்லேன்.

அன்று கண்ணாடிப் பேழையொன்றின் முன் பிள்ளைகள் கூடி, "டேய், உன் அண்ணன் இங்கே இருக்கிறான்டா!" என்று கூவினர். அவன் மெல்ல முன்வந்து, பெயர்ச்சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தான். பின் என்னை நோக்கி, "தேவாங்கு என்பது இதுதானா, ஐயா? நான் இதுவரை பார்த்ததே இல்லை" என்றான்.

யானும் அதுவரை பார்த்ததில்லை! காணாத பிராணியின் பெயரைக் காரணமறியாது ஒரு பிள்ளையின்மேற் சுமத்தினேன் என்பது அப்பொழுதே உறைத்தது.

"இதற்கு ஏன் இவ்வளவு பெரிய கண்?" என்று அவன் வினவினான். யான் அறிந்தவற்றைக் கூறினேன். தேவாங்கு இரவில் உலவும் பிராணி. சிறிதளவு ஒளியையும் வாங்கிக் காண்பதற்கே அப்பெரிய கண்கள். அது மெதுவாக நகர்வது சோம்பலாலன்று. கிளை அசையாமல் இரையை அணுகுவதற்கே. பயிரை அழிக்கும் பூச்சிகளை உண்டு உழவர்க்கு உதவி புரிவது. அதன் கண்கள் மருந்தாகுமென்ற மூட நம்பிக்கையால் மாந்தர் அதனைக் கொன்றதும் உண்டு.

"நல்லது செய்கிறதை ஏன் திட்டுவதற்குச் சொல்கிறார்கள், ஐயா?" என்றான் அவன்.

விடை கூற நாவெழவில்லை. பிறகு பிள்ளைகள் அனைவரும் கேட்க, "அந்தப் பெயரை முதலிற் சொன்னவன் நான். தெரியாமற் சொன்னேன், சொன்னது தவறு, தம்பி" என்றேன். ஒருவரும் நகைக்கவில்லை. அவன் நாணித் தலைகுனிந்தானாயினும், அப்பேழையை விட்டு அகலவில்லை.

திரும்பும் வழியில் அவன் என்னருகே அமர்ந்து, உயிருள்ள தேவாங்கை எங்கே காணலாமென்று கேட்டான். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களிலுள்ள கடவூர்க் காடுகளில், 2022-ஆம் ஆண்டில், 11,806 ஹெக்டேர் பரப்பில் தேவாங்குகளுக்கென்றே ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது என்றும், இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது என்றும் கூறினேன். "அங்கே இரவில்தான் போக வேண்டும், இல்லையா ஐயா?" என்றான் அவன்.

இக்கல்லூரியில் யான் பயின்ற நாளில் விலங்குகளின் பெயர்களையும் வகைகளையும் நெட்டுருச் செய்து தேர்வில் தேறினேன். ஒரு பிராணியைக் கண்ணெதிரே நின்று காண்பது வேறு என்பதை அன்றே உணர்ந்தேன். மாணாக்கர்காள்! உங்களிற் பலர் நாளை உபாத்தியாயர்களாவீர்கள். பிள்ளைகளைச் செத்த காலேஜுக்கு ஒருமுறையேனும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அஞ்சாதீர்கள். சில பிள்ளைகள் இன்னும் அவனைத் தேவாங்கு என்றே அழைக்கின்றனர். ஆயின் இப்பொழுது அவன், "ஆம், எனக்கு இருட்டிலும் கண் தெரியும்" என்று மறுமொழி கூறுகிறான்.